சில இணையதளங்கள் மட்டும் ஏன் எரிச்சல் மூட்டுகின்றன?

ஒரு தளத்துக்குள் போகிறோம், வந்த வேலை முடிகிறது, கிளம்பிவிடுகிறோம். அந்தத் தளத்தின் மெனு எந்தப் பக்கம் இருந்தது, பட்டன் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னொரு தளத்தில் அதே மாதிரி ஒரு வேலைக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். அதன் மூலைமுடுக்கெல்லாம் மனதில் பதிந்துவிடுகிறது. ஒழுங்காக நடக்கும் தளம் கண்ணிலேயே படாது என்பதால், நல்ல தளம் என்றால் என்ன என்று நேரடியாகச் சொல்வது கொஞ்சம் சிரமம். எரிச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றது தானாகப் புரியும்.

எரிச்சல் வந்த இடங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் நடந்திருக்கும்: தளம் செய்திருக்க வேண்டிய வேலையை நம் தலையில் கட்டியிருப்பார்கள். தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதினால் ‘தவறான எண்’ என்கிறது ஒரு படிவம். அந்த இடைவெளியை நீக்க நிரலில் ஒரு வரி போதும். அதை ஒருவர் எழுதாமல் விட்டதால், படிவத்தை நிரப்ப வரும் அத்தனை பேரும் திரும்பிப் போய்த் திருத்துகிறார்கள். தேடுவது, காத்திருப்பது, நினைவில் வைத்துக்கொள்வது, சொன்னதையே மறுபடி சொல்வது, விளம்பரத்தை மூட எங்கே தொடுவது என்று துழாவுவது, எல்லாம் இந்த வகைதான்.

இதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. யூசபிலிட்டி என்பார்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ, தன் 9241 என்ற தரத்தொடரில் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறது. எளிமையாகச் சொன்னால்: குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட வேலையைச் சரியாகவும், வீண் உழைப்பில்லாமலும், திருப்தியோடும் செய்து முடிக்க முடிகிறதா என்பதே கேள்வி. இதில் அழகு என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அழகு வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆனால் பார்க்க அள்ளிக்கொண்டு போகும் ஒரு தளத்தில் வேலை ஓடாமல் போகலாம். சாதாரணமாகத் தெரியும் ஒன்றில் சட்டென்று முடியலாம். அப்புறம், ‘குறிப்பிட்ட ஆட்கள்’ என்ற சொல்லும் முக்கியம். ஒரு தளத்தைக் கட்டியவருக்கு அது எப்போதும் எளிதாகத்தான் இருக்கும். எங்கே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமே.

காத்திருப்பு

வேகத்தில் இருந்து தொடங்கலாம். ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968இலேயே, கணினி எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொன்னால் மனிதருக்கு அது உரையாடல் போல இருக்கும் என்று எழுதினார். பிறகு 1993இல் யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் மூன்று எல்லைகளாக அதைப் பரவலாக்கினார். 0.1 வினாடிக்குள் பதில் வந்தால், நம் விரலே அதைச் செய்தது போலத் தோன்றும். 1 வினாடி வரை போனால் தாமதம் தெரியும், ஆனால் எண்ணம் அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் மனம் வேறு எங்கோ போய்விடும். திரும்பி வரும்போது எந்த இடத்தில் விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை கணினிகள் பல்லாயிரம் மடங்கு வேகமாகிவிட்டன. இந்த மூன்று எண்களும் அப்படியே இருக்கின்றன. அவை நம் கவனத்தின் எல்லைகள், கருவியின் எல்லைகள் இல்லை.

எல்லா வேலையையும் 1 வினாடியில் முடிக்க முடியாது, அது சரி. பணம் செலுத்தும்போது பின்னால் பல கணினிகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ஆனால் ‘நீங்கள் பட்டனை அழுத்தியதைப் பார்த்தேன், வேலை நடக்கிறது’ என்று சொல்ல 0.1 வினாடி போதும். அதைக்கூடச் சொல்லாத தளங்கள் இருக்கின்றன. பட்டனை அழுத்துகிறோம், திரையில் ஓர் அசைவும் இல்லை. அழுத்தியது பட்டதா? மறுபடி அழுத்தினால் இரண்டு முறை பணம் போய்விடுமா? பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் அழிந்துவிடுமா? இந்த மூன்று கேள்விகளும் நம் மனதில் எழவே கூடாதவை. அழுத்திய உடனே பட்டன் மங்கி, ‘செலுத்தப்படுகிறது’ என்று மாறி, இரண்டாம் அழுத்தலை ஏற்காமல் இருந்தால் 8 வினாடிகூடப் பொறுமையாகக் காத்திருப்போம்.

தளங்கள் மெதுவாக இருப்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. பல பக்கங்கள் தேவைக்கு மேல் சுமந்துகொண்டு வருகின்றன. கேமராவில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை, 400 பிக்சல் அகலமுள்ள ஒரு சிறு கட்டத்தில் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பத்து மடங்கு, உயரத்திலும் பத்து மடங்கு. ஆக நூறு மடங்கு புள்ளிகள் வந்து இறங்குகின்றன. இன்றைய செல்போன் திரைகள் அடர்த்தியானவை, அதனால் மூன்று மடங்கு அகலமுள்ள படம் வேண்டும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. மீதியைத் தரவிறக்கும் நேரமும் டேட்டா செலவும் படிப்பவருடையது. படங்களோடு, யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் நிரல்கள், விளம்பர நிரல்கள், மூலையில் வந்து நிற்கும் அரட்டைப் பெட்டி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இதையெல்லாம் கட்டுகிறவர்கள் நல்ல கணினியும் வேகமான இணைப்பும் வைத்துக்கொண்டு சோதிப்பதால், அவர்கள் மேசையில் இந்தச் சுமை தெரிவதே இல்லை.

தொடப் போகும்போது நகரும் பட்டன்

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது இதுதான். செய்தி ஒன்றைப் படிக்கத் திறக்கிறோம். தலைப்பு வந்துவிட்டது, இரண்டு பத்தி வந்துவிட்டது, கீழே ‘மேலும் படிக்க’ தெரிகிறது. விரலைக் கொண்டுபோகிறோம். விரல் திரையில் படும் அந்த நொடியில் மேலே ஒரு விளம்பரம் வந்து உட்காருகிறது, பக்கம் முழுவதும் கீழே தள்ளப்படுகிறது, நம் விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறது. வேறொரு தளம் திறக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்தின் எழுத்து அளவில் சிறியது, அதனால் முதலில் வந்துவிடும். படமும் விளம்பரமும் பின்னால் வரும். ஒரு படம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று பக்கத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தால், பிரவுசர் அந்த அளவுக்குக் காலி இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்தைச் சுற்றிலும் அடுக்கும். படம் வந்ததும் அதற்கான இடத்தில் அமரும், எதுவும் நகராது. அளவை எழுதாமல் விட்டால் பிரவுசருக்கு எவ்வளவு இடம் விடுவது என்று தெரியாது. படத்துக்கு இடமே விடாமல் எழுத்தை அடுக்கிவிடும். படம் வந்த பிறகுதான் அதன் உயரம் தெரியவரும், அப்போது கீழே இருப்பதையெல்லாம் தள்ளியாக வேண்டும். இரண்டே இரண்டு எண்கள் எழுதாத குறை இது. விளம்பரத்துக்கும் இதேபோல ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கலாம்.

இந்தக் குதிப்பை அளக்க ஒரு கணக்கே உண்டு. கூகுள் 2020இல் பக்கங்களின் தரத்துக்கு மூன்று அளவுகோல்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பது. நகர்ந்த பகுதி திரையில் எவ்வளவு இடத்தைத் தொட்டது என்பதை, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதோடு பெருக்குவார்கள். பாதித் திரையை அடைத்திருந்த ஒரு பகுதி கால் திரை அளவு கீழே இறங்கினால், பழைய இடமும் புதிய இடமும் சேர்ந்து முக்கால் திரை. 0.75ஐ 0.25ஆல் பெருக்கினால் 0.1875. நல்ல பக்கத்துக்கு இந்த எண் 0.1ஐத் தாண்டக் கூடாது. மற்ற இரண்டில் ஒன்று, பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது. இன்னொன்று, தொட்டதற்கும் திரையில் மாற்றம் தெரிவதற்கும் இடையே 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது. இது 2024 மார்ச்சில்தான் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் வேறொரு தளர்வான அளவுகோல் இருந்தது.

பட்டனின் அளவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல், ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் பொறுத்தது என்று காட்டினார். சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் நேரமும் ஆகும், தவறும் ஆகும். உடல்குறைபாடு உள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று வகுக்கப்பட்ட அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் 2023 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் போதிய இடைவெளியாவது இருக்க வேண்டும் என்கிறது. விளம்பரத்தை மூடும் குறி ஏன் எள்ளளவு இருக்கிறது என்பதற்கும் ஃபிட்ஸ் சொன்னதுதான் விடை. அங்கே தவறித் தொடுவதுதான் நோக்கம்.

கண்ணுக்கு

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. டிசைனரின் பெரிய திரையில், நிழலான அறையில், அது நாகரிகமாகத் தெரியும். வெயிலில் நின்று செல்போனில் பார்ப்பவருக்கு வெற்றுப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிறிய எழுத்தோடு போராட்டம் ஆரம்பித்துவிடும். அதோடு இந்த வெளிறலும் சேர்ந்தால் படிக்கவே மனம் வராது.

இதற்கும் அளவு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை நெறி. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். நிரலில் நிறங்களை எண்களாக எழுதுவார்கள்; அந்தக் கணக்கில், வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல்தான் தேறும் கடைசிச் சாம்பல். அதைவிட ஒரு படி வெளிறிய #777777 தேறாது. இணையத்தில் தினமும் கண்ணில் படும் வெளிர் சாம்பல் எழுத்துகள் பல இதைவிட வெளிறியவை.

அணுகல்தன்மை என்றதும் அது யாரோ சிலருக்கான சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல்குறைபாட்டோடு வாழ்கிறார்கள். பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளை வைத்துத்தான் தளங்களைப் பயன்படுத்துகிறார்கள். படத்துக்கு மாற்று விளக்கம் எழுதாவிட்டால் அந்த மென்பொருளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. பூதக்கண்ணாடிப் படம் மட்டும் போட்ட தேடல் பட்டனைச் சில நேரம் வெறுமனே ‘பட்டன்’ என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரு பக்கத்தில் இப்படிப் பத்து ‘பட்டன்’ இருந்தால் எதை அழுத்துவது? ‘தேடு’ என்ற ஒரு சொல்லை நிரலில் எழுதினால் தீர்ந்தது. இதே கவனம் மற்ற எல்லோருக்கும் உதவுகிறது. கையில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே கட்டைவிரலால் செல்போனை இயக்குபவருக்கும், சத்தம் போட முடியாத இடத்தில் வீடியோவை வசன எழுத்தோடு பார்ப்பவருக்கும்.

படிவம் என்னும் சோதனை

ஒரு தளத்தைக் கட்டியவர்களின் அக்கறையை அளக்க வேண்டுமென்றால் முகப்புப் பக்கத்தைப் பார்க்காதீர்கள், படிவத்தைப் பாருங்கள். முகப்புப் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றுவார்கள். படிவத்தை யாரோ கடைசி வாரத்தில் எழுதி முடித்திருப்பார்கள்.

ஒரு பெட்டிக்குள் மங்கலாக ‘பிறந்த தேதி’ என்று இருக்கிறது. தொட்டதும் அந்த எழுத்து மறைந்துவிடுகிறது. நாள் முதலிலா, மாதம் முதலிலா? இடையில் புள்ளியா, கோடா? நான்கு இலக்க ஆண்டா, இரண்டு இலக்கமா? வெளியே தலைப்பை எழுதி, கீழே ஓர் உதாரணத்தையும் போட்டிருந்தால் கேள்வியே எழாது. சில தளங்களில் தேதியைத் தட்டச்சு செய்யவே முடியாது, நாட்காட்டி ஒன்று திறக்கும். அடுத்த வாரப் பயணத்துக்குத் தேதி குறிக்க அது பொருத்தமான கருவி. பிறந்த தேதிக்கு அதைக் கொடுத்தால், 1958இல் பிறந்தவர் மாதம் மாதமாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும்; எண்ணூறு தடவைக்கு மேல் அம்புக்குறியை அழுத்த வேண்டியிருக்கும். மூன்று சிறு பெட்டிகள் வைத்தால் பத்து நொடி வேலை.

பெயருக்கு வருவோம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள், இரண்டும் கட்டாயம். உலகின் பல சமூகங்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்கள் ஏராளம். அவர்கள் என்ன செய்வார்கள்? பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள், அல்லது ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி அவர்களுடைய பயணச்சீட்டிலும் சான்றிதழிலும் போய் உட்காரும். ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புகிறோம். ‘பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்’ என்று வருகிறது. எந்தப் பிழை? எந்தப் பெட்டியில்? நல்ல பிழைச்செய்தி எந்த இடத்தில், என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்ற மூன்றையும் சொல்லும், அதுவும் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே. ‘அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் குறைகிறது’ என்றால் போதும், சரிசெய்துவிடுவோம். பிழையைச் சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய கொடுமை, நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டுக் காலிப் படிவத்தை நீட்டுவது. நீண்ட விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, ஆவணத்தைத் தேடி எழுந்து போய் வந்தால், ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கும் தளங்களும் உண்டு. பாதுகாப்புக்காக நேரக்கெடு வைப்பது நியாயம்தான். ஆனால் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும் என்று அணுகல்தன்மை நெறிகளிலேயே ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. 2023 பதிப்பில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒரே வேலையின் நடுவில், ஏற்கெனவே தந்த தகவலைத் தகுந்த காரணமில்லாமல் மறுபடி கேட்கக் கூடாது. நம் உழைப்புக்கு மதிப்புத் தரும் விதி என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இது.

பாஸ்வேர்டு தனிக் கதை. பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதிகள் பரவியதில், அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஓர் ஆவணத்துக்குப் பெரும் பங்குண்டு. அதை எழுதிய பில் பர், 2017இல் அந்த அறிவுரைகளில் பலவற்றுக்கு வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அந்த நிறுவனம் நெறிகளைத் திருத்தியது. காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், பாஸ்வேர்டை வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்ட விடுங்கள், நீளமாக வைக்க இடம் கொடுங்கள் என்பது புதிய அறிவுரை. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் பழைய விதிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தளங்கள் குறையவில்லை. அதிலும், விதிகளை முதலிலேயே சொல்லாமல் நாம் எழுதி அனுப்பிய பிறகு ஒவ்வொன்றாகச் சொல்பவற்றை மன்னிக்க மனம் வருவதில்லை.

பழக்கத்தை மதிப்பது

ஒரு தளத்துக்கு வருபவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார் என்று ஜேக்கப் நீல்சன் சொல்வார். அதனால் உங்கள் தளமும் மற்ற தளங்களைப் போலவே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே வருகிறார். மேலே இருக்கும் சின்னத்தைத் தொட்டால் முகப்புக்குப் போகும், அடிக்கோடிட்ட எழுத்து லிங்க், தேடல் பெட்டி மேலே இருக்கும். இதையெல்லாம் யாரும் பாடமாகப் படித்ததில்லை, பழகிப் பழகி வந்தது. புதுமை செய்கிறேன் என்று மெனுவை ஓர் ஓவியத்துக்குள் ஒளித்து வைத்தால், வருபவர் அந்த ஒரு தளத்துக்காக மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும்.

பழக்கங்களிலேயே பெரியது ‘பின்செல்’ பட்டன். தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றால் முதலில் கை போவது அங்கேதான். அது வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் தைரியமாகத் தெரியாத லிங்க்குகளைத் தொடுகிறோம். சில தளங்கள் அந்த நம்பிக்கையில் கைவைக்கின்றன. நாம் போய்வந்த பக்கங்களின் வரிசையைப் பிரவுசர் வைத்திருக்கும். ஒரு பக்கம் அந்த வரிசையில் நிரல் மூலம் தன்னையே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள முடியும். பின்செல் அழுத்தினால் ஒரு படி பின்னால் போகும், ஆனால் அங்கேயும் அதே பக்கம். வாசலைத் தேடுபவரை உள்ளேயே சுற்றவிடும் வேலை இது.

கீழே போகப் போகப் பக்கம் தானாக நீண்டுகொண்டே இருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் இதை உருவாக்கியவராக அறியப்படும் ஏசா ராஸ்கின் பிற்காலத்தில் இதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். படங்களைச் சும்மா பார்த்துக்கொண்டே போக இது வசதி. பொருள்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வந்தவருக்கு இது தொல்லை. முன்பு பார்த்தது எங்கே என்று சொல்லப் பக்க எண் கிடையாது. ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி உச்சியிலிருந்து தொடங்க நேரிடும். பக்கத்தின் அடியில் இருக்கும் தொடர்பு முகவரியைத் தொடப் போனால், அடி மேலும் மேலும் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

தெரிந்தே செய்வது

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கவனக்குறைவு. இனிச் சொல்லப்போவது வேறு வகை.

1990களின் நடுவில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார் ஈத்தன் ஜக்கர்மேன். பயனர்கள் தாங்களே பக்கங்கள் உருவாக்கும் தளம் அது. ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் தகாத பக்கம் ஒன்றில் வந்துவிட, அந்த நிறுவனம் கோபப்பட்டது. விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் காட்டினால் இந்தப் பிரச்சினை வராதே என்று அவர் நிரல் எழுதினார். பாப்-அப் விளம்பரம் அப்படித்தான் பிறந்தது. 2014இல் அவர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். பிரவுசர்கள் பிறகு தனிச் சாளரங்களைத் தடுக்கக் கற்றுக்கொண்டன. உடனே அவை பக்கத்துக்குள்ளேயே திரையை மூடும் பெட்டிகளாக மறுபிறவி எடுத்தன. தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோவுக்கும் இதே கதைதான். 2018 ஏப்ரலில் வந்த குரோம் பிரவுசரின் 66ஆம் பதிப்பு பெரும்பாலான தளங்களில் அதைத் தடுத்தது. அப்புறம் அவை சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின.

கட்டுரையின் முதல் வரியைப் படிக்கும் முன் ‘எங்கள் மின்னஞ்சல் மடலில் சேருங்கள்’ என்று பெட்டி வந்து மறைக்கிறதே, அது ஏன் ஒழியவில்லை? அந்தப் பெட்டி வைத்தால் சேருபவர்கள் கூடுகிறார்கள், அந்த எண்ணிக்கை அலுவலகத்தில் வரைபடமாகத் தெரிகிறது. அதைக் கண்டு சலித்துப்போய் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று போனவர், இந்தப் பெட்டியால்தான் போனார் என்று எந்த வரைபடத்திலும் தெரியாது. எண்ணக்கூடியதை மட்டும் எண்ணினால் எரிச்சல் எப்போதும் லாபமாகவே தெரியும். இலவசமாகப் படிக்கத் தரும் தளத்துக்கு வருமானம் வேண்டும், அதில் தவறில்லை. விளம்பரம் பக்கவாட்டில் அமைதியாக இருக்கலாம், மடலில் சேரும் அழைப்பு கட்டுரையின் கடைசியில் வரலாம். படித்து முடித்தவர்தானே சேர விரும்புவார்.

இதையும் தாண்டி, ஏமாற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டவை உண்டு. ஹேரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்துத் திரட்டத் தொடங்கினார். சேருவதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். கூடையில் நாம் போடாத காப்பீடு தானாகச் சேர்ந்திருக்கும். ‘வேண்டாம்’ என்பதற்குப் பதில் ‘எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள், மறுப்பவர் கூச்சப்பட வேண்டுமாம்.

குக்கீ அறிவிப்பு இதற்கு நல்ல உதாரணம். குக்கீ என்பது நம்மை அடையாளம் காண ஒரு தளம் நம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு. ஐரோப்பியச் சட்டம் கேட்டது, கண்காணிக்கும் முன் அனுமதி வாங்குங்கள் என்பதை மட்டும். எரிச்சலூட்டுங்கள் என்று சட்டம் சொல்லவில்லை. பல தளங்கள் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பதைப் பளிச்சென்ற பெரிய பட்டனாக வைத்தன. மறுக்க வேண்டுமானால் ‘அமைப்புகள்’ என்ற மங்கலான லிங்க்கைத் தொட்டு, உள்ளே ஒவ்வொன்றாக அணைத்து, கீழே போய்ச் சேமிக்க வேண்டும். ஏற்பதைப் போலவே மறுப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பிறகு ‘அனைத்தையும் மறுக்கிறேன்’ என்ற பட்டன் பல இடங்களில் முதல் திரைக்கே வந்துவிட்டது. முன்பும் அதை வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீங்களே சோதிக்க

சிறிய தளம் ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்கள் என்றால், எதையும் வாங்காமல் இன்றைக்கே சிலவற்றைச் செய்து பார்க்கலாம். மௌஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் வைத்து உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்குங்கள், எதுவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்க ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்கள் முகப்பைத் திறந்து, எது முதலில் வருகிறது, எது குதிக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, இன்னொருவர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். சிலர் இந்த எண்ணை மறுத்தாலும், ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். அவரிடம் ‘மேலே இருக்கும் மெனுவைத் தொடுங்கள்’ என்று சொல்லாதீர்கள், அது வழிகாட்டுவது. ‘போன மாதம் செலுத்திய பணத்துக்கு ரசீது வேண்டும், எடுத்துத் தாருங்கள்’ என்று வேலையை மட்டும் சொல்லுங்கள். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அப்புறம் பேசாதீர்கள். அவர் தடுமாறும்போது ‘அதோ அங்கே’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு, அவர் எங்கே நின்றார், எதைத் தேடினார், எந்தச் சொல்லை எதிர்பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில் ‘மன்னிக்கவும், எனக்குக் கணினி அவ்வளவாக வராது’ என்பார்கள். அந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

தளத்தைப் பயன்படுத்துபவராக மட்டும் இருக்கிறீர்கள் என்றால், பிரவுசரில் இருக்கும் வாசிப்பு முறையைப் போட்டுப் பாருங்கள், எழுத்து மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் விலகிவிடும். தளத்தாருக்கு எழுதும்போது ‘உங்கள் தளம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எந்த பிரவுசர், எதைத் தொட்டீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இந்த ஐந்தையும் எழுதி ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்பினால், அதைக் கையில் எடுக்கும் டெவலப்பருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.